கட்டடக் கலைஞர் சிஷோம் துரை

திருவனந்தபுரம் செல்லும் நம் பங்கு மக்கள் மிருகக்காட்சி சாலையைக் கண்டபின், அருகே நிற்கும் நேப்பியர் அருங்காட்சியகத்தையும் சுற்றிப் பார்த்துத் திரும்புவது வழக்கம். அதன் கூரையைக் கண்டதும் தக்கலைக்கு அருகிலுள்ள பத்மநாபபுரம் அரண்மனை நினைவுக்கு வரும். ஆனால் அதை வரைந்தவர் 1840-இல் லண்டனில் பிறந்த ராபர்ட் சிஷோம் என்ற ஆங்கிலேயர்.

வாலிபப் பருவத்திலேயே இந்தியா வந்த அவர், சென்னை அரசு நடத்திய போட்டியில் வென்று மாநிலக் கல்லூரியை இத்தாலிய பாணியில் கட்டினார். அரசின் ஆலோசனைக் கட்டடக் கலைஞராகவும் உயர்ந்தார். ஆளுநர் நேப்பியர் பிரபுவின் காலத்தில், சிதைந்து கிடந்த மதுரைத் திருமலை நாயக்கர் மகாலைப் புதுப்பிக்கும் பணி அவரிடம் வந்தது. நாளடைவில் அவரது பாணியே மாறிற்று. 1879-இல் முடிந்த சென்னை செனட் மண்டபம் இதற்குச் சான்று.

திருவனந்தபுரத்தில் பழைய அருங்காட்சியகம் 1874-இல் இடிக்கப்பட்டு, 1880-இல் புதியது எழுந்தது. அன்று நமது நாஞ்சில் நாடும் திருவிதாங்கூர் மகாராஜாவின் ஆட்சியில்தான் இருந்தது. சிஷோம் நம் ஆசாரிமாரின் மரக்கலையையே அங்கே கையாண்டார். செங்குத்தான கூரை மழைநீரை நிற்கவிடாது. நீண்ட இறவாணம் சுவரைக் காக்கும். முகப்பின் இடுக்குகள் வழியே சூடான காற்று மேலேறி வெளியேறும். மின்விசிறி இல்லாத காலத்தில் வேறென்ன வேண்டும்! நாமோ பங்குமனையின் ஓட்டுக் கூரையைப் பிரித்துக் கான்கிரீட் தளம் போட்டுவிட்டு, சித்திரை மாதத்தில் மொட்டை மாடிக்குத் தண்ணீர் ஊற்றிக் கொண்டிருக்கிறோம். யோசனை சொன்னவர்களும் நாமே. யாரையும் குறை சொல்வதற்கில்லை.

1877-இல் சென்னைக் கலைத்தொழிற் பள்ளியின் பொறுப்பையும் சிஷோம் ஏற்றார். 1884-இல் திறக்கப்பட்ட சென்னைத் தலைமை அஞ்சலகத்தின் கோபுரங்களுக்குத் திருவிதாங்கூர் பாணிக் கூரைகளைச் சூட்டினார். அவை பிற்காலத்தில் அகற்றப்பட்டது வருத்தமே.

பரோடாவில் கல்லூரிக்குப் பெரிய கும்மட்டம் எழுப்பினார். இந்நாட்டில் கும்மட்டம் அமைக்கும் முறைபற்றி லண்டன் கட்டடக் கலைஞர்களுக்குக் கட்டுரையும் அளித்தார். சார்லஸ் மாண்ட் 1881-இல் இறந்ததால் பாதியில் நின்ற லட்சுமி விலாஸ் அரண்மனையை 1890-இல் முடித்துக் கொடுத்தவரும் இவரே.

முதுமையில் தாய்நாடு திரும்பிய சிஷோம், லண்டனில் ஓர் ஆலயம் கட்டி, 1915-இல் காலமானார். அவ்வாலயம் 2004 முதல் இசையரங்கமாக விளங்குகிறது.