கணிதமேதை இராமானுஜனும் எம் பிள்ளைகளின் கல்லூரித் தெரிவும்

ஜிம்னாசியத்தின் இறுதி ஆண்டில் படிக்கும் பிள்ளை, கணிதமே படிக்கப் போகிறேன் என்று சொன்னால் எம்மில் பலருக்கு மனம் துணுக்குறுகிறது. மருத்துவமா, பொறியியலா என்று கேட்டே பழகிவிட்டோம். சரி என்று சம்மதித்த பின்னரும், எந்தப் பல்கலைக்கழகத்தை முதலாவதாக எழுதுவது என்ற கேள்வி எஞ்சுகிறது. இவ்வேளையில் ஸ்ரீனிவாச இராமானுஜனின் வாழ்வை நினைத்துப் பார்ப்பது பயன் தரும்.

இராமானுஜன் 1887 டிசம்பர் 22 இல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தார். தந்தையார் துணிக்கடை ஒன்றில் எழுதுவினைஞர். தாயார் கோமளத்தம்மாள் நாமக்கல் நாமகிரித் தாயார்மீது பெரும் பக்தி கொண்டவர். 1904 இல் புலமைப்பரிசிலுடன் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் சேர்ந்தார். தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ் என்று பெயரெடுத்த கல்லூரி அது. ஆயினும் கணிதம் தவிர்ந்த பாடங்களைக் கவனியாததால் புலமைப்பரிசில் பறிபோயிற்று. பின்பு சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். 1906 இலும் 1907 இலும் எஃப்.ஏ. பரீட்சையில் சித்தியடையவில்லை.

பட்டமும் இல்லை, தொழிலும் இல்லை. கையில் இருந்தவை கணிதக் குறிப்பேடுகள் மட்டுமே. அவற்றை வாசிக்கத் தெரிந்தவர்களைத் தேடி அலைந்தார். இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடக்கிய இராமசுவாமி ஐயர் அவற்றின் பெறுமதியை உணர்ந்தார். நெல்லூர் கலெக்டர் இராமச்சந்திர ராவ் மாதாந்தம் பண உதவி செய்தார். 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தின் கணக்குப் பிரிவில் 30 ரூபாய்ச் சம்பளத்தில் வேலை கிடைத்தது. அங்கே தலைமைக் கணக்காளராக இருந்த நாராயண ஐயரும் கணிதம் அறிந்தவர், அவரே பெருந்துணையானார். கணக்காளர் தொழில் செய்யும் எமக்கு இதில் ஒரு சிறு பெருமை உண்டு.

1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசான் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். அதற்கு முன் எழுதிய வேறு அறிஞர்கள் கைகொடுக்கவில்லை. ஹார்டி கைகொடுத்தார். 1914 இல் கப்பலேறி டிரினிட்டி கல்லூரி சென்ற இராமானுஜன், 1916 இல் ஆராய்ச்சிக்காகப் பட்டம் பெற்றார். 1918 இல் ரோயல் சொசைட்டியும் டிரினிட்டியும் அவரைத் தம் உறுப்பினராக்கின. ஆனால் குளிரும் போர்க்காலத்தில் மரக்கறி உணவின் தட்டுப்பாடும் தனிமையும் வாட்ட, நோயுற்று 1919 இல் தாயகம் திரும்பினார். 1920 ஏப்ரல் 26 இல் சென்னையில் காலமானபோது அவருக்கு வயது 32 மட்டுமே.

அந்தக் கணித மரபு டென்மார்க்குக்குத் தொலைவானதல்ல. ஹார்டியின் நெருங்கிய நண்பர் ஹரால்ட் போர், இன்று லிங்பியில் உள்ள தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் முன்னோடிக் கல்லூரியிலும், பின்பு கொப்பன்கேகன் பல்கலைக்கழகத்திலும் பேராசிரியராக இருந்தவர். ஓகூஸ், ஓடன்சே, ஓல்போர்க் பல்கலைக்கழகங்களிலும் கணிதம் பயிலலாம்.

விண்ணப்பத்தில் 8 தெரிவுகள் வரை வரிசைப்படுத்தலாம். குவோட்டா 1 இல் சராசரிப் புள்ளியே தீர்மானிக்கிறது. இறுதி நாள் ஜூலை 5. புள்ளியோடு வேறு தகைமைகளையும் பார்க்கும் குவோட்டா 2 க்கு இறுதி நாள் மார்ச் 15. சராசரியில் டேனிஷும் வரலாறும் சேர்கின்றன. ஆகவே கணிதம் ஒன்றே போதும் என்றிருக்கும் பிள்ளைக்குக் கும்பகோணத்தில் நடந்ததைச் சொல்லிவையுங்கள்.

பெற்றோரே, பெயரை மட்டும் பார்த்து வரிசைப்படுத்தாதீர்கள். பல்கலைக்கழகங்கள் கதவு திறந்துவைக்கும் நாட்களில் பிள்ளையோடு போய்வாருங்கள். பிள்ளைக்குப் பிடித்த கணிதத்தில் அங்கு யார் ஆராய்கிறார்கள், முதலாம் ஆண்டு மாணவரின் கேள்விக்கு யார் நேரம் ஒதுக்குவார்கள் என்று விசாரியுங்கள். அறை எங்கே கிடைக்கும், யாரோடு இருந்து சாப்பிடும் என்பதையும் கேளுங்கள். இவற்றுக்கு நல்ல பதில் கிடைக்கும் இடத்தை முதலாவதாக எழுதப் பிள்ளையை விடுங்கள்.