மாவீரர் டாமி பிரின்ஸ்: வாழ்வும் தொண்டும்

வீரம் எந்தக் குலத்தின் தனியுடைமையும் அன்று. ஆயினும் வீரத்திற்குரிய மதிப்பு எல்லாக் குலத்தார்க்கும் ஒருபடித்தாகக் கிடைத்ததில்லை. உயிரைப் பணயம் வைக்கப் போர்முனைக்கு அழைக்கப்பட்டோர், போர் முடிந்ததும் ஊரின் ஓரத்திற்கே திருப்பி அனுப்பப்பட்ட கதை பல நாடுகளில் நிகழ்ந்துள்ளது. கனடா நாட்டின் பூர்வகுடி மக்களிடையே தோன்றி, இரண்டாம் உலகப் போரிலும் கொரியப் போரிலும் களம் கண்ட சார்ஜன்ட் டாமி பிரின்ஸ் அவர்களின் வாழ்க்கை இதற்குத் தக்க சான்றாகும். நம் இளைஞர்கள் இவ்வாழ்க்கையை அறிந்து சிந்தித்தல் நலம்.

தாமஸ் ஜார்ஜ் பிரின்ஸ் 1915ஆம் ஆண்டு அக்டோபர் 25ஆம் நாள், கனடாவின் மானிடோபா மாநிலத்தில் ஒரு துணிக் கூடாரத்தில் பிறந்தார். உடன்பிறந்தாரோடு சேர்த்து அக்குடும்பத்தில் பதினொரு மக்கள். ஒஜிப்வே இனத்தவராகிய அவர், 1817இல் செல்கிர்க் பிரபுவோடு உடன்படிக்கை செய்துகொண்ட தலைவர் பெக்விஸின் வழித்தோன்றல். முன்னாளில் செவ்விந்தியர் என்று பிறரால் அழைக்கப்பட்ட இம்மக்கள் இன்று தம்மை முதற்குடியினர் என்று கூறிக்கொள்கின்றனர். பரந்த நிலத்திற்கு உரியவராயிருந்த அவர்களை அரசு சிறு சிறு ஒதுக்கு நிலங்களில் குடியமர்த்தியது. புரோக்கன்ஹெட் என்னும் அத்தகைய குடியிருப்பில்தான் டாமி வளர்ந்தார். வேட்டையும் கண்ணி வைத்தலும் தொழிலாகக் கொண்ட தந்தையாரிடம் குறி தவறாது சுடவும், ஓசையின்றிக் காட்டில் நடக்கவும் கற்றார்.

அக்காலத்துப் பூர்வகுடிப் பிள்ளைகள் பலரைப் போலவே அவரும் எல்க்ஹார்ன் உறைவிடப் பள்ளிக்கு அனுப்பப்பட்டார். பெற்றோரிடமிருந்தும் தாய்மொழியிலிருந்தும் பிள்ளைகளைப் பிரிப்பதே இத்தகைய பள்ளிகளின் நோக்கமாக இருந்தது. இக்கொடுமைக்காகக் கனடா அரசு 2008ஆம் ஆண்டு நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கோரியது. எட்டாம் வகுப்போடு டாமியின் கல்வி முடிந்தது. வறுமை மேற்படிப்புக்கு இடந்தரவில்லை. மரம் வெட்டும் கூலியாளாக உழைத்தார்.

போர் மூண்டபோது படையில் சேர விரும்பினார். தகுதிகள் யாவும் இருந்தும் பலமுறை மறுக்கப்பட்டார். அவர் முயற்சியைக் கைவிடவில்லை. 1940 ஜூன் 3ஆம் நாள் பொறியாளர் படையில் சேர்த்துக்கொள்ளப்பட்டார். 1942இல் வான்குடை வீரராகத் தம்மை ஒப்புவித்து, இங்கிலாந்தின் ரிங்வே பயிற்சிக் களத்தில் பயின்றார். அதன்பின், அமெரிக்கரும் கனடியரும் இணைந்து அமைத்த முதலாம் சிறப்புச் சேவைப் படைக்குத் தெரிந்தெடுக்கப்பட்டார். மொன்டானா மாநிலத்தின் ஹெலினா நகரில் உருவான இப்படையினர், மலையேற்றம், பனிச்சறுக்கு, வெடிமருந்து, இரவுத் தாக்குதல் ஆகியவற்றில் கடும் பயிற்சி பெற்றனர். பேய்ப்படை என்ற பெயர் பின்னாளில் இப்படைக்கு நிலைத்தது.

1944 பிப்ரவரித் திங்களில் இத்தாலியின் ஆன்சியோ கடற்கரைப் போர்முனையில் பிரின்ஸ் தனியே முன்சென்று, பகைவர் நிலைகளுக்கு ஏறத்தாழ 200 மீட்டர் தொலைவில் கைவிடப்பட்ட ஒரு பண்ணை வீட்டில் மறைந்திருந்தார். அங்கிருந்து தம் படைக்கு ஏறத்தாழ 1,400 மீட்டர் நீளத் தொலைபேசிக் கம்பி இழுத்து, ஜெர்மானியரின் பீரங்கி நிலைகளைத் தெரிவித்து வந்தார். குண்டு வீச்சில் கம்பி அறுந்தது. பிரின்ஸ் அவ்வீட்டில் கிடந்த உழவர் உடையை அணிந்து, மண்வெட்டியோடு பட்டப்பகலில் வயலில் இறங்கினார். பகைவர் பார்த்திருக்கக் களை எடுப்பவர்போல் நடந்து, அறுந்த இடத்தை அடைந்ததும் காலணி வாரைக் கட்டுவதுபோல் குனிந்து கம்பியை இணைத்தார். பின்னர் இரு தரப்பாரையும் நோக்கிக் கைமுட்டியை உயர்த்தி, போரால் விளைவிழந்த உழவன் சினப்பது போல் நடித்துவிட்டு மீண்டார். அவர் அனுப்பிய செய்தியால் பகைவரின் நான்கு நிலைகள் அழிக்கப்பட்டன. இச்செயலுக்காக அவருக்கு மிலிட்டரி மெடல் வழங்கப்பட்டது.

அவ்வாண்டின் செப்டம்பர்த் தொடக்கத்தில் தென் பிரான்சில் லெஸ்கரேன் ஊரின் அருகே, துணைக்கு ஒரே ஒரு வீரரோடு பகைவர் எல்லைக்குள் நெடுந்தொலைவு ஊடுருவினார். பகைவரின் பாசறையைக் கண்டறிந்து திரும்பி, தம் படையை அவ்விடத்திற்கு வழிநடத்தினார். கரடுமுரடான மலைநிலத்தில் ஏறத்தாழ 70 கிலோமீட்டர் நடந்தார். 72 மணி நேரம் உணவும் உறக்கமும் இன்றி இயங்கினார். ஏறத்தாழ 1,000 பகைவர் சிறைப்பட்டனர். இதற்காக அமெரிக்க அரசு வெள்ளி நட்சத்திரப் பதக்கம் அளித்தது. 1945 பிப்ரவரி 12ஆம் நாள் பக்கிங்காம் அரண்மனையில், மன்னர் ஆறாம் ஜார்ஜ் அவ்விரு பதக்கங்களையும் தம் கையாலேயே அவருக்கு அணிவித்தார்.

அரண்மனை வாயிலில் அவருக்குத் தடை இல்லை. தாய்நாட்டிலோ சட்டமே தடையாக நின்றது. இந்தியர் சட்டம் என்ற பெயரில் 1876 முதல் இயங்கி வந்த சட்டம், பூர்வகுடியினரின் நிலத்தையும் நிருவாகத்தையும் அரசு முகவர்களின் கைக்குள் வைத்திருந்தது. நில உரிமைக்காக வழக்குரைஞரை அமர்த்தப் பணம் திரட்டுவதும் 1927 முதல் குற்றமாக்கப்பட்டிருந்தது. போர்வீரர் நிலச் சட்டத்தின்கீழ்ப் பிற வீரர்கள் 6,000 டாலர் வரை கடன் பெற வழியிருக்க, ஒதுக்கு நிலத்து வீரர்க்கு 2,320 டாலர் வரையிலான மானியமே உரித்தாயிற்று. அதுவும் அரசு முகவரின் மேற்பார்வையில்தான் கிடைத்தது. மூவாயிரத்திற்கும் மேற்பட்ட பூர்வகுடி வீரர்கள் அப்போரில் பணியாற்றியிருந்தனர் என்பதை எண்ணும்போது இவ்வேறுபாட்டின் கொடுமை நன்கு விளங்கும்.

பிரின்ஸ் வின்னிபெக் நகரில் துப்புரவுத் தொழில் ஒன்றைத் தொடங்கினார். அதில் பொருள் சேர்ப்பதினும் தம் மக்களுக்கு உழைப்பதே தலையாயது என்று கருதினார். 1946இல் மானிடோபா பூர்வகுடியினர் சங்கத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். 1947இல் ஒட்டாவா சென்று, நாடாளுமன்ற இரு அவைகளின் கூட்டுக் குழுமுன் தம் மக்களின் குறைகளை எடுத்துரைத்தார். முன்னோர் செய்த உடன்படிக்கைகள் மதிக்கப்படல் வேண்டும், இந்தியர் சட்டம் நீங்கவேண்டும் என்பன அவர்தம் கோரிக்கைகள். சட்டம் நீங்கவில்லை. ஆனால் பல பூர்வகுடித் தலைவர்கள் அக்குழுமுன் திரண்டு முறையிட்டதன் பயனாக 1951இல் அது திருத்தப்பட்டது. வழக்குக்குப் பணம் திரட்டத் தடைசெய்த விதி ஒழிந்தது. தம் உடன்படிக்கை உரிமையை இழக்காமல் நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கும் உரிமை முதற்குடியினர் அனைவர்க்கும் 1960இல் கிட்டியது.

சங்கப் பணியில் ஈடுபட்டிருந்த காலத்தில், பிறர் பொறுப்பில் விட்டிருந்த அவர் தொழில் அழிந்தது. மீண்டும் மரம் வெட்டினார். 1950இல் மறுபடியும் படையில் சேர்ந்து கொரியா சென்றார். அவர் சார்ந்த படைப்பிரிவு 1951 ஏப்ரலில் கப்யோங் போரில் பெருஞ்சேனையை எதிர்த்து நிலைத்து நின்று, அமெரிக்கக் குடியரசுத் தலைவரின் பாராட்டைப் பெற்றது. முழங்கால் நோயுற்றும் அவர் ஓயவில்லை. இரண்டாம் முறை கொரியா சென்று 1952 நவம்பரில் காயமுற்றார். 1953இல் படையிலிருந்து விடுவிக்கப்பட்டார்.

எஞ்சிய ஆண்டுகள் துன்பம் நிறைந்தவை. உடல் நோயும் போரின் நினைவுகளும் வருத்தின. குடிப்பழக்கம் பற்றிக்கொண்டது. குடும்பம் பிரிந்தது. பிள்ளைகள் பிறர் வீடுகளில் வளர்க்கப்பட்டனர். வறுமையால் பதக்கங்களும் கைவிட்டுப் போயின. அந்நிலையிலும் 1955இல் வின்னிபெக் துறையில் நீரில் மூழ்கிய ஒருவரைக் குதித்துக் காப்பாற்றினார் என்பது அவர் இயல்பைக் காட்டும். அறநிலைய விடுதி ஒன்றில் தங்கியிருந்து, 1977 நவம்பர் 25ஆம் நாள், 62ஆம் வயதில் மருத்துவமனையில் மறைந்தார். இறுதிச் சடங்கிற்கு 500க்கும் மேற்பட்டோர் வந்தனர். பிரான்சு, இத்தாலி, அமெரிக்க நாடுகளின் தூதரகப் பிரதிநிதிகளும் தலைதாழ்த்தி நின்றனர். விடுதியில் ஒருவரும் தேடிவராத மனிதரைக் கல்லறையில் மூன்று நாடுகள் தேடிவந்தன!

பலர் கைமாறிய அவர் பதக்கங்கள் 2001இல் ஏலத்திற்கு வந்தபோது, உறவினர் முயன்று பொருள் திரட்டி 75,000 கனடிய டாலருக்கு மீட்டனர். அவை மானிடோபா அருங்காட்சியகத்தின் பாதுகாப்பில் வைக்கப்பட்டன. முதற்குடிப் போர்வீரர்க்கு இழைக்கப்பட்ட வேறுபாட்டிற்கு ஈடாக 20,000 டாலர் வரை வழங்கக் கனடா அரசு 2002இல் முன்வந்தது. பிரின்ஸ் மறைந்து அப்போது இருபத்தைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன.

இவ்வாழ்க்கை நமக்கு உணர்த்துவது யாது? தனி மனிதனின் வீரம் அவனுக்குப் பதக்கத்தைத் தரலாம். ஆனால் அது அவன் மக்களுக்கு உரிமையைத் தந்துவிடாது. மன்னர் அணிவித்த பதக்கம் ஒரு சட்டத்தையும் மாற்றவில்லை. சங்கமாய்த் திரண்டு, சட்டத்தைக் கற்று, அவைமுன் எடுத்துரைத்த உழைப்பே அதனை மாற்றியது. ஆகவே பிரின்ஸின் பெருஞ்செயல்களை எண்ணுவோர், ஆன்சியோ வயலோடு ஒட்டாவா அவையையும் சேர்த்தே எண்ணுதல் வேண்டும். மற்றொன்றும் உண்டு. சமூகத்திற்காக உழைத்தோர் தளரும் நாளில் அவரைத் தாங்குவது சமூகத்தின் கடனாகும். இறந்தபின் சூட்டும் மாலை அக்கடனைத் தீர்க்காது. வெள்ளி விழாக் காணும் நம் சங்கத்தின் இளைஞர்கள், கல்வியால் உயர்ந்து, ஒற்றுமையால் வலிமை பெற்று, தம்மவருள் தளர்ந்தோரைத் தாங்கும் கைகளாகவும் விளங்குவார்களாக!