கீறலின் கணக்கு

நூலளவு கீறல் விழுந்த பானையில் உலையேற்ற எவரும் துணியார். சிறு கீறல் முழுக் கலத்தையும் பிளந்துவிடும் என்பது யாவரும் அறிந்ததே. ஆயினும், எத்துணை நீளமுள்ள கீறல் எத்துணைச் சுமையில் பிளக்கும் என்று கணக்கிடும் வழியை நெடுங்காலம் எவரும் அறிந்திலர். அவ்வழியைக் கண்டவர் ஆலன் ஆர்னால்டு கிரிபித் என்னும் ஆங்கிலப் பொறியியல் அறிஞர்.

கிரிபித் 1893ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் பிறந்தார். லிவர்ப்பூல் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் பயின்றார். 1915இல், முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்த வேளையில், பார்ன்பரோவில் இருந்த அரசு வானூர்தித் தொழிற்சாலையில் பணியேற்றார். வானூர்தியின் உறுப்பொன்று நடுவானில் முறியுமாயின், அதில் செல்வோர் உயிர் பிழைத்தல் அரிது. ஆதலின், பொருள்கள் ஏன் முறிகின்றன என்பது அங்கே உயிர்நிலையான வினாவாக இருந்தது.

அவ்வினாவுக்கு விடை காணக் கிரிபித் கண்ணாடியைத் தேர்ந்துகொண்டார். அணுக்களின் பிணைப்பைக் கொண்டு கணக்கிட்டால், கண்ணாடி மிகுந்த வலிமை உடையதாதல் வேண்டும். உண்மையிலோ, அது அவ்வலிமையில் ஒரு சிறு பங்கையே காட்டிற்று. அவர் கண்ணாடியை உருக்கி மெல்லிய இழைகளாக நீட்டினார். இழை மெலிய மெலிய வலிமை மிகுந்தது. மிக நுண்ணிய இழையின் வலிமை, சாதாரணக் கண்ணாடியைப்போல் ஏறத்தாழ 20 மடங்காக இருந்தது. கண்ணுக்குப் புலப்படாத நுண்கீறல்களே கண்ணாடியின் வலிமையைக் குறைக்கின்றன என்று அவர் உணர்ந்தார்.

கீறல் நீளும்பொழுது இருபுறமும் புதிய பரப்புகள் தோன்றுகின்றன. அவற்றை உண்டாக்க ஆற்றல் வேண்டும். இழுபட்ட பொருளில் அடங்கியுள்ள ஆற்றல், கீறல் நீள்வதால் விடுபடுகிறது. விடுபடும் ஆற்றல் வேண்டிய ஆற்றலினும் மிகுமாயின், கீறல் தானே ஓடிப் பொருளைப் பிளக்கும். கீறலின் நீளம் 4 மடங்கானால் பொருள் தாங்கும் இழுவிசை பாதியாகும். இக்கொள்கை 1921இல் இலண்டன் இராயல் சொசைட்டியின் இதழில் வெளிவந்தது.

பொறியாளர் பலர் இதனைக் கண்ணாடிக்கு மட்டுமே உரியதெனக் கருதிப் பொருட்படுத்தவில்லை. 1943ஆம் ஆண்டு சனவரித் திங்களில், அமெரிக்காவில், போர்ட்லண்டு நகரில், அமைதியான நீரில் நின்றிருந்த செனக்டடி என்னும் புதிய எண்ணெய்க் கப்பல் திடீரெனப் பிளந்தது. போர்க்காலக் கப்பல்கள் வேறு பலவும் இவ்வாறே விரிசலுற்றன. அதன் பின்னரே ஜார்ஜ் இர்வின் முதலிய அறிஞர்கள் கிரிபித்தின் கொள்கையை உலோகங்களுக்கும் விரித்தனர்.

கிரிபித்தோ தாரை எந்திர ஆராய்ச்சியிலும் சிறந்து விளங்கினார். 1939 முதல் 1960 வரை ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனத்தில் பணியாற்றி, 1963இல் மறைந்தார்.

1998இல் பிராங்போர்ட், மாரிகோ என்னும் இருவர், கணிப்பொறிக்கு ஏற்ற வகையில் அவர் கொள்கைக்குப் புதுவடிவம் அளித்தனர். இன்று கற்காரை, பீங்கான், இழை பொதிந்த கலப்புப் பொருள் ஆகியவற்றில் விரிசல் எங்கே தோன்றும், எவ்வழியே செல்லும் என்பதைக் கணிப்பொறியிலேயே முன்னதாகக் கண்டறிய முயல்கின்றனர். சிறு குறையைச் சிறிதென்று இகழாது ஆராய்ந்த ஒருவரின் உழைப்பு, எண்ணற்றோர் உயிரைக் காக்கும் அறிவாக வளர்ந்துள்ளது.