கணக்கு அதிகாரியும் ஓநாய்ச் சுரமும்



உங்கள் வீட்டு வாஷிங் மெஷினைக் கவனித்திருப்பீர்கள். துணியைப் பிழிய வேகமெடுக்கும்போது ஒரு கட்டத்தில் மட்டும் தடதடவென்று ஆடும். வேகம் இன்னும் கூடியதும் ஆட்டம் அடங்கிவிடும். வேகம் கூடினால் ஆட்டமும் கூடத்தானே வேண்டும்? ஏன் குறைகிறது?

ஒவ்வொரு பொருளுக்கும் நொடிக்கு இத்தனை முறை என்று சொந்தமான ஒரு அதிர்வுக் கணக்கு உண்டு. வெளியிலிருந்து வரும் அசைவு அந்தக் கணக்கோடு பொருந்திவிட்டால் சிறிய அசைவே பெரிய ஆட்டமாகிவிடும். ஊஞ்சலைச் சரியான நேரம் பார்த்து ஒரு விரலால் தள்ளினாலே அது உயரப் போவதில்லையா? அதுதான். நம் பேரப்பிள்ளைகளின் பாடப் புத்தகத்தில் இதற்கு ஒத்ததிர்வு என்று பெயர்.

இந்த ஒத்ததிர்வு வயலினில் செய்யும் குறும்பைப் பிடித்துக் காட்டியவர், பகலெல்லாம் அரசாங்கக் கணக்குப் பார்த்த ஓர் அதிகாரி. சர் சி.வி. ராமன்தான் அவர். நோபல் பரிசு வாங்கிய ராமனை எல்லோருக்கும் தெரியும். அதற்கு முந்தைய ராமனைப் பற்றி உங்களுக்குச் சொல்ல ஆசை.

1888 நவம்பர் 7 அன்று திருச்சியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்தார். தந்தை விசாகப்பட்டினத்தில் கல்லூரி ஆசிரியர். சென்னை மாநிலக் கல்லூரியில் படிக்கும்போதே, 1906இல், ராமனின் முதல் ஆராய்ச்சிக் கட்டுரை லண்டன் இதழில் வெளிவந்தது. மேல்படிப்புக்கு இங்கிலாந்து போக உடல்நிலை இடம் தரவில்லை. இங்கே விஞ்ஞானத்தை நம்பிப் பிழைக்க அன்று வழியும் இல்லை. எனவே நிதித்துறைத் தேர்வு எழுதி முதலிடம் பெற்றார். வீணை வாசிக்கத் தெரிந்த லோகசுந்தரியை மணந்துகொண்டு, 1907இல் கல்கத்தாவில் உதவி அக்கவுண்டன்ட் ஜெனரலாகச் சேர்ந்தார். அப்போது வயது 18.

ஒருநாள் டிராமில் போகும்போது, பவ்பஜார் தெருவில் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் பெயர்ப்பலகை கண்ணில் பட்டது. மகேந்திரலால் சர்க்கார் என்ற மருத்துவர் 1876இல் நிறுவிய கழகம் அது. ஆராய்ச்சி செய்ய ஆளில்லாமல் கிடந்தது. ராமன் உள்ளே போனார். அன்றிலிருந்து, ஆபீசுக்கு முன் காலையிலும் ஆபீஸ் முடிந்து இரவு வரையிலும் அங்கேதான் வேலை. இடையில் ரங்கூனுக்கும் நாக்பூருக்கும் மாற்றலாகி, 1911இல் கல்கத்தா திரும்பியதும் மறுபடி அதே கதவு.

அங்கே அவர் ஆராய்ந்தவற்றில் ஒன்று ஓநாய்ச் சுரம். வயலினிலும் அதைவிடப் பெரிய செல்லோவிலும் ஒரு குறிப்பிட்ட சுரத்தில் மட்டும் ஓசை நிலைக்காமல் ஊளையிடுவதுபோல் விம்மி விம்மி வரும். வாசிப்பவர் கையில் குற்றமில்லை. தந்தியின் சுரம் கருவியின் மரப்பெட்டிக்குரிய அதிர்வோடு பொருந்தும் இடம் அது. பெட்டி பலமாக அதிர்ந்து தந்தியின் சக்தியை உறிஞ்சுகிறது. வில்லின் அழுத்தம் ஈடுகொடுக்க முடியாமல் தந்தி மேல் ஸ்தாயிக்குத் தாவுகிறது. பெட்டி ஓய்ந்ததும் பழைய சுரத்துக்கே திரும்புகிறது. இது மாறி மாறி நடப்பதுதான் அந்த ஊளை. 1916இல் ராமன் இதை விளக்கி எழுதினார். கை வேறுபாடு கணக்கைக் கெடுக்கக்கூடாது என்று பிற்பாடு வயலினை வாசிக்க ஓர் இயந்திரமே செய்தார்.

நம் மிருதங்கத்தையும் அவர் விடவில்லை. வெறும் தோல் போர்த்திய பறையில் எழும் துணை ஓசைகள் ஒன்றோடொன்று கணக்கில் சேராது. வலந்தலையில் பூசிய கருப்பு வட்டம் அவற்றை ஒன்று, இரண்டு, மூன்று என்ற முழு எண் விகிதத்துக்குக் கொண்டுவந்து சுருதி சேரச் செய்கிறது என்று 1920இல் எழுதினார். நம் முன்னோர் காதாலேயே கண்டுபிடித்ததற்கு ராமன் கணக்கு எழுதி வைத்தார்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். 1917இல் கல்கத்தா பல்கலைக்கழகத்தின் அசுதோஷ் முகர்ஜி, ராமனைப் பேராசிரியர் பதவிக்கு அழைத்தார். சம்பளம் அரசாங்கச் சம்பளத்தில் ஏறக்குறைய பாதி. 28 வயது, குடும்பம், மேலே மேலே உயரக்கூடிய நிரந்தர உத்தியோகம். ஆயுள் முழுக்க வங்கிக் குமாஸ்தாவாக இருந்த எனக்கு, அந்த ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்துப் போட எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று தெரியும். நான் போட்டிருக்க மாட்டேன். ராமன் போட்டார். அந்தப் பதவிக்கு வெளிநாட்டுப் பயிற்சி அவசியம் என்றொரு விதி இருந்தது. அதற்கும் அவர் இணங்கவில்லை. விதிதான் அவருக்காகத் தளர்ந்தது.

அதன் பின் நடந்தது நீங்கள் அறிந்ததே. கே.எஸ். கிருஷ்ணனுடன் சேர்ந்து செய்த ஆராய்ச்சியில், 1928 பிப்ரவரி 28 அன்று ராமன் விளைவு கண்டறியப்பட்டது. அது ஒத்ததிர்வு அல்ல. ஆனால் அதிலும் அதிர்வுக்குப் பங்குண்டு: மூலக்கூறுகள் தமக்குரிய கணக்கில் அதிர்கின்றன, அவற்றில் பட்டுச் சிதறும் ஒளியில் ஒரு சிறு பங்கு, அந்தக் கணக்குக்கு ஏற்ப நிறம் மாறுகிறது. 1930இல் நோபல் பரிசு. அறிவியலில் ஆசியாவுக்குக் கிடைத்த முதல் நோபல் அது. 1933இல் பெங்களூர் சென்றார். 1948இல் அங்கே சொந்த ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார். ஓய்வு பெறும் வயதில் புதிதாக ஒன்றைத் தொடங்கி, 1970 நவம்பர் 21 அன்று மறையும்வரை அங்கேயே உழைத்தார்.

அடுத்த முறை மெஷின் தடதடக்கும்போது, முதலில் அதன் நான்கு கால்களும் தரையில் சமமாக ஊன்றியிருக்கின்றனவா, துணி ஒரே பக்கமாகச் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கீழ்வீட்டுக்காரர் உங்களை வாழ்த்துவார். பிறகு ஒரு நிமிஷம், பகலில் கணக்கும் இரவில் வயலினுமாக இருந்த அந்த இளைஞரை நினைத்துக்கொள்ளுங்கள்.