பிளாரென்ஸ் நைட்டிங்கேல் அம்மையார்

நோய் தீர்தற்கு இன்றியமையாதவை நான்கு என வகுத்தனர் நம் முன்னோர். நோயுற்றவன், நோய் தீர்க்கும் மருத்துவன், மருந்து, அம்மருந்தை வேளை தவறாது ஊட்டி உடனிருந்து பேணுவோன் என்பனவே அந்நான்காம். திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரம் இந்நான்கையும் கூறியே முடிகின்றது. இவற்றுள் மருத்துவனை ஊரார் போற்றுவர். மருந்துக்கு விலை கொடுப்பர். உடனிருந்து பேணியவரை நினைப்பார் அரியர். அந்நான்காம் இடத்தை உலகம் மதிக்கும் இடமாக உயர்த்திய பெருமாட்டி ஒருவரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

இதனை எழுதுமாறு எம்மைத் தூண்டியது ஒரு கணக்கேடு. சென்ற விடுமுறையில் யாம் பழவேற்காட்டு ஏரியை அடுத்த சுண்ணாம்புக்குளத்தில் உறவினர் இல்லத்திற் சில நாள் தங்கியிருந்தோம். அங்கு வீடுதோறும் செல்லும் கிராமச் சுகாதாரச் செவிலியர் ஒருவரைக் கண்டோம். குழந்தை பிறந்த வீடு எது, காய்ச்சல் கண்ட வீடு எது, குடிநீர் எங்கிருந்து எடுக்கின்றனர் என்றெல்லாம் வினவி, விடைகளைத் தடித்த ஏடொன்றிற் குறித்துக்கொண்டே அவர் சென்றார். நோயாளியைத் தொட்டுப் பார்த்த நேரத்தினும் எழுதிய நேரமே மிகுதியாயிருந்தது. இதுவோ செவிலியர் பணி என உள்ளத்துள் நகைத்தோம். நைட்டிங்கேல் அம்மையாரின் வாழ்வைக் கற்ற பின்னர் அந்நகைப்பு எமக்கு நாணமாய் முடிந்தது.

அம்மையார் 1820ஆம் ஆண்டு மே மாதம் 12ஆம் நாள், செல்வம் மிக்க ஆங்கிலேயக் குடும்பமொன்றிற் பிறந்தார். பெற்றோர் அப்பொழுது இத்தாலி நாட்டிற் பயணம் செய்துகொண்டிருந்தனர். பிறந்த நகரின் பெயரே குழந்தைக்கு இடப்பட்டது. பெண்களுக்குப் பல்கலைக்கழகங்கள் கதவடைத்திருந்த காலம் அது. ஆயினும் தந்தையார் தம் இரு புதல்வியர்க்கும் தாமே ஆசிரியராய் அமர்ந்து கிரேக்கம், இலத்தீன், பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலியம் முதலிய மொழிகளையும் வரலாற்றையும் தத்துவத்தையும் கற்பித்தார். இளையவராகிய பிளாரென்சுக்கோ கணிதத்தில் தணியாத வேட்கை. அதனைக் கற்க இல்லத்தாரோடு அவர் வாதாட வேண்டியிருந்தது.

பதினாறாம் வயதில், 1837ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 7ஆம் நாள், இறைவன் தம்மைத் தன் பணிக்கு அழைத்ததாக அவர் உணர்ந்தார். எப்பணி என்பது தெளிவாகப் பல்லாண்டுகள் ஆயின. நோயாளரைப் பேணுதலே அப்பணி எனத் தெளிந்து, 1845இல் மருத்துவமனை ஒன்றிற் பயிற்சி பெற விரும்பினார். அன்னையும் தமக்கையும் திடுக்கிட்டனர். அக்காலத்து மருத்துவமனைகள் அழுக்கின் உறைவிடமாயிருந்தன. அங்குப் பணிபுரிந்த பெண்டிர் குடிவெறிக்குப் பேர்போனவர். உயர்குடி நங்கை ஒருத்தி அவ்விடம் செல்வதோ என மறுத்தனர். அவரும் வெளிப்படையாக எதிர்த்தாரல்லர். விடியுமுன் எழுந்து மருத்துவமனை அறிக்கைகளையும் சுகாதாரக் கணக்குகளையும் தனியே கற்றுவந்தார். தம்மை நெடுநாள் விரும்பிய நல்லார் ஒருவரை மணக்கவும் மறுத்தார். இறுதியாக 1851இல், ஜெர்மனியிலுள்ள கைசர்ஸ்வெர்த் என்னுமிடத்தில், கிறிஸ்தவத் தொண்டியர் நடத்திய நிலையத்தில் மூன்று திங்கள் பயின்றார். அப்பொழுது அவருக்கு வயது முப்பத்தொன்று.

1853இல் ருசியாவுக்கும் துருக்கிக்கும் போர் மூண்டது. மறு ஆண்டு இங்கிலாந்தும் பிரான்சும் துருக்கியின் பக்கம் சேர்ந்தன. காயமுற்ற ஆங்கிலப் போர்வீரர் பேணுவாரின்றி மடிகின்றனர் எனச் செய்தித்தாள்கள் எழுதவே நாடு கொதித்தது. அரசாங்கத்தின் வேண்டுகோட்கு இணங்கி அம்மையார் 38 செவிலியரோடு புறப்பட்டு, 1854 நவம்பர் 4ஆம் நாள் ஸ்குட்டாரி மருத்துவமனையை அடைந்தார். ஆங்கே படுக்கையில்லை; துணியில்லை; எலிகளுக்குக் குறைவில்லை. அம்மையார் சமையற்கூடம் அமைத்தார். துணி வெளுக்க ஏற்பாடு செய்தார். வீரர்தம் இல்லங்கட்குக் கடிதம் எழுதினார். இரவில் விளக்கேந்தி வரிசை வரிசையாய்க் கிடந்த நோயாளரைப் பார்த்துவந்தார். விளக்கேந்திய மாது என உலகம் அவரைப் பாடிற்று.

பள்ளிப் பாடநூல்கள் பெரும்பாலும் இத்துடன் நின்றுவிடும். அம்மையாரின் உண்மைப் பெருமையோ இதற்கு அப்பாலே தொடங்குகின்றது. அவர் அங்குச் சென்ற பின்னரும் சாவு குறைந்தபாடில்லை, அக்குளிர்காலத்தில் மிகுந்தது. 1855 பிப்ரவரியில் அம்மருத்துவமனையில் நூற்றுக்கு 42 பேர் இறந்தனர். மார்ச்சுத் திங்களில் இங்கிலாந்திலிருந்து சுகாதாரக் குழு ஒன்று வந்து பார்த்தது. கட்டடத்தின் அடியிலே கழிவுநீர்க் கால்வாய்கள் அடைபட்டுக் கிடந்தன. குடிநீர் வரும் வழியிற் குதிரையின் பிணம் கிடந்தது. அவற்றை அகற்றிக் காற்றோட்டம் செய்தபின், ஜூன் திங்களிற் சாவு நூற்றுக்கு 2 ஆகக் குறைந்தது.

போர் முடிந்து 1856இல் ஊர் திரும்பிய அம்மையாரை நாடே வரவேற்கக் காத்திருந்தது. அவரோ ஆரவாரம் அனைத்தையும் தவிர்த்து அமைதியாக வீடு சேர்ந்தார். பின்னர், வில்லியம் பார் என்னும் புள்ளியியல் வல்லாரின் துணையோடு இறந்தோர் கணக்கை ஆராயத் தலைப்பட்டார். அப்பொழுதுதான் உண்மை புலனாயிற்று. வீரருள் பெரும்பாலோர் பகைவரின் குண்டால் மாளவில்லை. தடுத்திருக்கக்கூடிய நோய்களால் மாண்டனர். தம் கண்முன்னே, தாம் இரவு பகல் பாராது பேணிய இடத்திலேயே, அழுக்கும் கெட்ட நீரும் அவர்களைக் கொன்றிருந்தன. அன்பு இருந்தது, உழைப்பு இருந்தது, அறிவு பிந்தி வந்தது. தம் புகழையே குலைக்கக்கூடிய அவ்வுண்மையை வேறொருவராயின் மறைத்திருப்பர். அம்மையாரோ அதனை நாடறியச் செய்வதையே எஞ்சிய வாழ்வின் கடனாகக் கொண்டார்.

எண்களை நிரல்படுத்தினால் அமைச்சர்கள் படிக்கமாட்டார்கள் என்பதை அவர் அறிவார். ஆதலின் கணக்கைச் சித்திரமாக்கினார். ஆண்டின் பன்னிரு திங்களையும் மலரின் இதழ்கள்போல் வட்டமாக வரைந்து, தடுக்கத்தக்க நோயால் இறந்தோரை நீலநிறத்தாலும், காயத்தால் இறந்தோரைச் செந்நிறத்தாலும், பிற காரணத்தால் இறந்தோரைக் கருநிறத்தாலும் காட்டினார். நீலம் பரந்து விரிந்து ஏனை இரண்டையும் விழுங்கி நிற்பதை ஒரு குழந்தையும் காணலாம். 1858இல் வெளிவந்த இப்படம் கணிதமும் ஓவியமும் இரக்கமும் ஒன்றிய கலையாகும். அவ்வாண்டே இலண்டன் புள்ளியியற் கழகம் அவரைத் தன் உறுப்பினராக ஏற்றது. அக்கழகத்திற் சேர்ந்த முதற் பெண்மணி அவரே. 1860இல் இலண்டன் புனித தோமா மருத்துவமனையில் அவர் பெயரால் செவிலியர் பயிற்சிப் பள்ளி தொடங்கிற்று. எள்ளப்பட்ட வேலை அன்று முதல் கற்றுத் தேறும் கலையாயிற்று.

போரிற் பற்றிய நோயால் அம்மையார் நெடுங்காலம் அறையை விட்டு வெளிவர இயலாதவரானார். அவ்வறையிலிருந்தே இந்திய நாட்டை நோக்கினார். இங்கிருந்த படையின் சுகாதாரத்தை ஆராய 1859இல் அரச ஆணையம் அமைக்கப்பட்டது. ஒவ்வொரு பாசறைக்கும் வினாத்தாள் அனுப்பி விடைகளைப் பெற்று அவர் ஆராய்ந்தார். ஆங்கிலப் படைவீரருள் ஆண்டுதோறும் ஆயிரத்துக்கு 69 பேர் இங்கு மாண்டுவந்தது 1863ஆம் ஆண்டு அறிக்கையில் வெளியாயிற்று. சீர்திருத்தங்கள் தொடங்கிய பத்தாண்டுகளில் அத்தொகை 18 ஆகக் குறைந்தது. போர்க்காலத்தில் அவருக்கு அறிமுகமான நேப்பியர் பிரபு 1866 முதல் 1872 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்தார். அவரோடும் அம்மையார் மடல்வழித் தொடர்பு கொண்டிருந்தார். சென்னைப் பொது மருத்துவமனையிற் செவிலியர் பயிற்சி தொடங்கியது 1871ஆம் ஆண்டில் ஆகும்.

படைவீரர்மேற் சென்ற அவர் கருத்து நாளடைவில் உழவர்மேற் சென்றது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தாது வருடப் பஞ்சம் வாட்டியது. மக்கள் இலட்சக்கணக்கில் மடிந்தனர். பஞ்ச நிவாரண வேலையாகச் சென்னையில் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்துக் கால்வாய் வெட்டப்பட்டது. பழவேற்காட்டு ஏரி வழியாக வடக்கே செல்லும் பக்கிங்காம் கால்வாய் முற்றுப்பெற்றது அவ்வேலையால்தான். கூலியாகக் கிடைத்த சிறிது தானியத்துக்கு மண் சுமந்தோரை நினைந்தே அக்கரையில் நாம் நடத்தல் வேண்டும். அதே ஆண்டுகளில் அம்மையார் இலண்டனில் தம் அறையிலிருந்து, நீர்ப்பாசனமின்மையும் உழவரின் கடன்சுமையும் பஞ்சத்துக்குக் காரணங்கள் எனப் பத்திரிகைகளில் எழுதினார். கோதாவரி அணை கட்டிய ஆர்தர் காட்டன் அவருக்குத் துணையாயிருந்தார். அரசினர் பலர் செவிசாய்த்தாரல்லர். 1894இல் இந்தியச் சிற்றூர்களின் சுகாதாரத்தைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை புதாபெஸ்த் மாநாட்டுக்கு அனுப்பப்பட்டது. அப்பொழுது அவருக்கு வயது எழுபத்து நான்கு.

அவர் குறையற்றவர் எனக் கூற யாம் துணியோம். நோய்க்கிருமிக் கொள்கையை நெடுங்காலம் ஏற்க மறுத்தார்; முதுமையிலேயே ஏற்றார். இந்நாட்டை ஒருகாலும் கண்ணாரக் கண்டதில்லை. அரசினர் தந்த ஏடுகளே அவர்க்குக் கண்ணாயின. எனினும் பிழையை உணர்ந்து திருந்துவதும் கல்வியே. அக்கல்வியை அவர் இறுதிவரை கைவிடவில்லை. கண்பார்வை மங்கி மறைந்த பின்னர், 1907இல் ஆங்கில அரசர் அவருக்கு அளித்த உயர்விருது அதுகாறும் எப்பெண்மணிக்கும் அளிக்கப்படாததாகும். 1910ஆம் ஆண்டு ஆகஸ்டு 13ஆம் நாள், தொண்ணூறாம் வயதில் உயிர் நீத்தார். பேரரசர்களும் பெரும்புலவர்களும் துயிலும் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்ய நாடு முன்வந்தது. குடும்பத்தார் அதனை ஏலாது சிற்றூர்க் கல்லறையில் அடக்கினர். கல்லிற் பொறிக்கப்பட்டவை அவர் பெயரின் இரண்டு முதலெழுத்துக்களும் பிறப்பிறப்புக் காலமுமே.

தோழர்காள்! பட்டம் பெற்று வெளியேறும் நம்மில் எத்துணைப் பேர், இரக்கம் மட்டும் இருந்தாற் போதும் தொண்டு தானே விளையும் என எண்ணுகின்றோம்! ஸ்குட்டாரியின் குளிர்காலம் அவ்வெண்ணத்துக்கு விடை கூறும். சுண்ணாம்புக்குளத்துச் செவிலியரின் ஏட்டை யாம் இன்று மீண்டும் எண்ணிப் பார்க்கின்றோம். எவ்வீட்டுக் கிணற்றில் உப்புநீர், எக்குழந்தைக்கு எடை குறைவு, எத்தாய்க்கு இரத்தம் குறைவு என அதில் நிரம்பிய ஒவ்வொரு வரியும் வரவிருக்கும் சாவொன்றை முன்னரே காணும் முயற்சியன்றோ? வெயிலில் நின்று அவ்வேட்டை எழுதும் கையும், ஸ்குட்டாரியில் விளக்கேந்திய கையும் ஒரே மரபின. அடுத்த விடுமுறையில் அவ்வூர் சென்றால் அவரிடம் யாம் கேட்க எண்ணியிருப்பது ஒன்றே: அம்மா, இன்று எத்தெருவுக்குச் செல்கின்றீர்கள்? ஏட்டை யாம் சுமந்து வரலாமா?