எவரெஸ்ட் ஏறிய பிறகும் பாடம் படிக்கப் போன டென்சிங்! முதல்முறை பனிச்சறுக்கு போறவங்களுக்குப் பயிற்சி தேவையா?

தென்காசி மாவட்டம் குருவிகுளம் மாதிரி கரிசல்காட்டு ஊர்களில் பனி என்றால் மார்கழி மாத அதிகாலைப் பனிதான். ஆனால் இப்போ அங்கிருந்தும் கோவில்பட்டியில் ரயில் ஏறி மணாலி, காஷ்மீர் என்று டூர் போகிறார்கள். போன முதல் நாளே காலில் ஸ்கீ பலகையைக் கட்டிக்கிட்டு சரிவில் நின்று செல்ஃபி எடுத்துடணும் என்பதுதான் பலரோட ஆசை.

இங்கேதான் கேள்வி. பனிச்சறுக்கைக் கத்துக்கிட்டுப் போகணுமா? இல்லை, போன இடத்தில் பார்த்துக்கலாமா?

இதுக்குப் பதில் தேடினால், நம் பாடப்புத்தகத்தில் படித்த ஒருவரின் வாழ்க்கை கண் முன்னே வந்து நிற்கும். அவர்தான் டென்சிங் நார்கே. மலையேற்றமும் பனிச்சறுக்கும் வேறு வேறுதான். ஆனால் பனியில் கால் வைப்பதற்கு முன்னால் பாடம் வேணுமா என்ற கேள்வி இரண்டுக்கும் ஒன்றுதான்.

யார் இந்த டென்சிங்?

1914-ல் எவரெஸ்ட் பகுதியில் பிறந்தவர். பெற்றோர் வைத்த பெயர் நம்கியால் வாங்டி. பிறகு ஒரு புத்த துறவியின் யோசனைப்படிதான் பெயர் மாறியது. பள்ளிக்கூடம் போகும் வாய்ப்பு கிடைக்கவில்லை. எழுதப் படிக்கத் தெரியாவிட்டாலும் பல மொழிகள் பேசுவார்.

மலையேற வரும் வெளிநாட்டுக் குழுக்கள் அப்போது டார்ஜிலிங்கில்தான் சுமை தூக்க ஆள் எடுப்பார்கள். வேலை தேடி அங்கே போனார் டென்சிங். 1933 எவரெஸ்ட் குழுவில் சேர முயன்றார், எடுக்கவில்லை. 1935-ல் எரிக் ஷிப்டன் குழுவில்தான் முதல் வாய்ப்பு கிடைத்தது.

கத்துக்கொடுக்க ஆளே இல்லை!

அன்றைக்கு இந்தியாவில் மலையேற்றத்துக்கென்று முறையான பயிற்சிப் பள்ளி கிடையாது. முதுகில் மூட்டை, முன்னால் போகிறவர் வைத்த கால்தடம். ஷெர்பாக்களுக்கு அதுதான் வகுப்பறை. கயிறு கட்டுவது, பனிக்கோடரி பிடிப்பது எல்லாம் பார்த்துப் பழகியதுதான். தப்பு செய்தால் திருத்திக்கொள்ள இரண்டாவது வாய்ப்பு கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

விலையும் பெரிசு. 1934-ல் நங்கா பர்பத் மலையில் அடித்த பனிப்புயலில் ஜெர்மன் ஏறுநர்கள் 3 பேரோடு 6 ஷெர்பாக்களும் உயிரிழந்தார்கள். 1952-ல் டென்சிங் இருந்த சுவிஸ் குழுவிலேயே, பனிக்கட்டிகள் சரிந்து விழுந்ததில் மிங்மா தோர்ஜே என்ற ஷெர்பா இறந்தார்.

அதே 1952 கோடையில் ரேமண்ட் லாம்பேர்ட்டுடன் சுமார் 8,600 மீட்டர் வரை ஏறியிருந்தார் டென்சிங். உச்சி எட்டிப்பிடிக்கும் தூரத்தில்தான். ஆனாலும் திரும்பி விட்டார்கள். எப்போது திரும்பணும் என்று தெரிந்ததும் ஒரு பாடம்தான்.

அந்த ஒரு நொடி

1953 ஏப்ரல். கும்பு பனிவீழ்ச்சிப் பகுதியில் இறங்கும்போது எட்மண்ட் ஹிலாரியின் காலடியில் பனி உடைந்தது. பிளவுக்குள் விழுந்தார் ஹிலாரி. அதே கயிற்றில் கட்டியிருந்த டென்சிங் சட்டென்று கோடரியைப் பனியில் குத்தி, கயிற்றை இறுக்கிப் பிடித்தார். ஹிலாரி பிழைத்தார்.

யோசிக்க நேரமில்லாத நொடி அது. பழகிய கைதான் வேலை செய்தது. அந்தக் கை பழக டென்சிங்குக்குக் கிட்டத்தட்ட 18 வருஷம் ஆகியிருந்தது.

மே 29, 1953 காலை 11.30 மணி. இருவரும் உச்சியில் நின்றார்கள். டென்சிங்குக்கு அது 7-வது எவரெஸ்ட் பயணம்.

உச்சியைத் தொட்டவர் மாணவர் ஆனார்

பெரும்பாலும் கதை இங்கே முடிந்துவிடும். ஆனால் இதுக்கு அப்புறம் நடந்ததுதான் முக்கியம்.

மலையேற்றப் பள்ளி ஒன்று தொடங்கணும் என்று பிரதமர் நேருவும், மேற்கு வங்க முதல்வர் பி.சி.ராயும் விரும்பினார்கள். பயிற்சி கொடுக்க டென்சிங்கை விட்டால் வேறு யார்? ஆனால் அவர் நேராகப் போய் ஆசிரியர் நாற்காலியில் உட்காரவில்லை. 1954-ல் 6 ஷெர்பாக்களோடு சுவிட்சர்லாந்து போய், ரோசன்லாய் என்ற இடத்தில் ஆர்னால்ட் கிளாட்ஹார்ட் நடத்திய பள்ளியில் பயிற்சி எடுத்தார். உலகமே கொண்டாடிக்கொண்டிருந்த மனுஷன் மாணவராகப் போனார்.

காரணம் எளிமையானது. ஏறத் தெரிவது வேறு, அதை இன்னொருத்தருக்குப் படிப்படியாகச் சொல்லிக்கொடுப்பது வேறு.

1954 நவம்பர் 4-ம் தேதி டார்ஜிலிங்கில் இமாலய மலையேற்ற நிறுவனம் தொடங்கியது. முதல் முதல்வர் மேஜர் நரேந்திர தர் ஜயால். களப்பயிற்சி இயக்குநர் டென்சிங். முதல்முறை மலைக்கு வருகிறவர்கள் பாறையில் பழகி, பிறகு சிக்கிம் பக்கம் பனியில் பழகினார்கள். 1958-ல் சோ ஓயு பயணத்தில் ஜயால் உயிரிழந்தார். பள்ளி நிற்கவில்லை. டென்சிங் 1976 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். 1959-ல் பத்ம பூஷண் விருது பெற்றார்.

இதே வழியில் 1965-ல் உத்தரகாசியில் நேரு மலையேற்ற நிறுவனம் வந்தது. 1984-ல் எவரெஸ்ட் ஏறிய முதல் இந்தியப் பெண் பச்சேந்திரி பால் அங்கே படித்தவர்தான். 1986 மே 9-ம் தேதி டென்சிங் காலமானார். அவருக்குச் சிலை நிற்பதும் டார்ஜிலிங் பயிற்சி வளாகத்தில்தான்.

பயிற்சி இருந்தால் ஆபத்தே இல்லையா?

அப்படி இல்லை. 2022 அக்டோபர் 4-ல் உத்தராகண்டின் திரௌபதி கா டண்டா-2 சிகரத்தில், உத்தரகாசி நிறுவனத்தின் பயிற்சிக் குழுவே பனிச்சரிவில் சிக்கி 27 பேரின் உடல்கள் மீட்கப்பட்டன. அதே வருஷம் எவரெஸ்ட் ஏறியிருந்த பயிற்சியாளர் சவிதா கன்ஸ்வாலும் அதில் ஒருவர். பயிற்சி மலையை அடக்காது. நம்ம தப்பால் வரும் ஆபத்தைத்தான் குறைக்கும்.

அப்போ முதல்முறை போறவங்க என்ன செய்யணும்?

* பனியில் விளையாடி, போட்டோ எடுக்க மட்டும் போனால் பயிற்சி தேவையில்லை. குளிருக்கு ஏற்ற உடை, பிடிமானம் உள்ள ஷூ போதும்.

* ஸ்கீ பலகையை மாட்டப் போறீங்கன்னா, ஒரு நாளாவது பயிற்சியாளரோடு சமதளத்துக்குப் பக்கமான மெல்லிய சரிவில் பழகணும். முதல் பாடம் வேகம் இல்லை. விழுந்தால் எழுவது, பலகைகளின் முன்முனைகளைச் சேர்த்து பின்பக்கத்தை விரித்து நிறுத்துவது. நிற்கத் தெரியாமல் சறுக்கினால் கீழே நிற்பவருக்கும் ஆபத்து.

* முறையாகக் கத்துக்கணும்னா குல்மார்க்கில் மத்திய அரசின் பனிச்சறுக்கு, மலையேற்ற நிறுவனம் இருக்கிறது. ஔலியில் கட்வால் மண்டல் விகாஸ் நிகாம் 7 நாள், 14 நாள் வகுப்புகள் நடத்துகிறது. மணாலியிலும் அடல் பிஹாரி வாஜ்பாய் பெயரிலான மலையேற்ற நிறுவனத்தில் ஸ்கீ பயிற்சி உண்டு. சீசனுக்கு முன்பே விசாரித்துப் பதிவு செய்வது நல்லது.

* குல்மார்க் ரோப் கார் 3,900 மீட்டருக்கும் மேல் கொண்டு போய் விடும். முதல் நாளே அங்கிருந்து சறுக்கி இறங்க நினைக்க வேண்டாம். பனிச்சரிவு எச்சரிக்கை இருந்தால் டிக்கெட் காசைப் பார்க்காமல் திரும்பிடணும்.

டென்சிங்குக்கு 18 வருஷம் ஆன பாடத்தை, இன்றைக்கு ஒரு பள்ளி சில நாட்களில் தொடங்கி வைக்கிறது. டூர் செலவுக் கணக்கில் அந்தக் கட்டணத்தையும் சேர்த்துப் போடுங்க. முதல் நாள் சரிவில் அது கைகொடுக்கும்.