பெரம்பூர் கண்ட பார்ஸிப் பெருந்தகை

மும்பைவாழ் தமிழராகிய நாம் நன்றியுடன் நினைக்க வேண்டிய பெரியார் பி. பி. வாடியா. 1881-இல் இந்நகரில் பார்ஸிக் குடும்பத்தில் தோன்றிய அன்னார், பிரம்மஞான சபையில் ஈடுபட்டு அடையாறு சேர்ந்தார். 1917-இல் ஹோம் ரூல் கிளர்ச்சியின்பொருட்டு அன்னி பெசன்ட் அம்மையாருடன் காவலில் வைக்கப்பட்டார்.

பெரம்பூர் ஆலைத் தொழிலாளர் உணவருந்தவும் போதிய இடைவேளையின்றி வாடினர். அவர்தம் குறைகளைச் செல்வபதி செட்டியாரும் இராமானுஜுலு நாயுடுவும் வாடியாவிடம் எடுத்துரைத்தனர். 1918 ஏப்ரல் 27-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் உதயமாயிற்று; வாடியா தலைவரானார். திரு. வி. க. தோள்கொடுத்தார்.

1920-இல் கதவடைப்பு நேர்ந்தது. வேலை ஒப்பந்தத்தை மீறத் தொழிலாளரைத் தூண்டினரென்று பின்னி கம்பெனி வாடியா முதலியோர்மீது வழக்குத் தொடுத்தது. உயர்நீதிமன்றம் தடையுத்தரவு பிறப்பித்தது. சங்கத்தைக் காக்கும் சட்டம் அன்று இந்நாட்டில் இல்லை. தொழிலாளர் மீண்டும் வேலைக்குச் செல்ல வழி பிறக்குமாறு, 1921-இல் ஏற்பட்ட சமரசத்தில் தாம் வளர்த்த சங்கத்தினின்று வாடியா விலகினார்.

அவ்வழக்கு நாட்டின் கண்ணைத் திறந்தது. அவ்வாண்டே என். எம். ஜோஷி மத்திய சட்டசபையில் சங்கப் பாதுகாப்புக்குத் தீர்மானம் கொணர்ந்தார். 1926-இல் தொழிற்சங்கச் சட்டம் நிறைவேறிற்று. தொழில் தகராறில் ஒப்பந்த மீறலைத் தூண்டியதாகக் கூறிப் பதிவுபெற்ற சங்கத்தின்மீது உரிமையியல் வழக்குத் தொடுப்பதை அதன் 18-ஆம் பிரிவு தடுத்தது.

வாடியா 1958-இல் பெங்களூரில் மறைந்தார். வந்த ஊரின் ஏழைகளைத் தம்மவராகக் கொண்ட அவர் வழி, வந்த ஊரில் வாழும் நமக்கும் உரியதாகுக.